அவனா, அவரா: மேக்னெட்டோ வழக்கு

எக்ஸ்-மென் காமிக்ஸின் வில்லன் மேக்னெட்டோவைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சங்கடம். அவனா, அவரா? ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. நமக்கோ மரியாதை வினைமுற்று வரைக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'வந்தான்' என்றால் ஒரு தீர்ப்பு, 'வந்தார்' என்றால் வேறு தீர்ப்பு. 1963இல் வந்த மேக்னெட்டோவை 'அவன்' என்று எழுத எனக்குக் கை தயங்கவில்லை. 1985இல் பாரிஸ் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் அதே ஆளை அப்படி எழுதிப் பார்த்தேன், இடித்தது. நடுவிலுள்ள 22 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. எந்த இடத்தில் 'ன்' போய் 'ர்' வருகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

கையைப் பிசையும் வில்லன்

எக்ஸ்-மென் முதல் இதழ் 1963 செப்டம்பர் தேதியிட்டு வெளியானது. கதை ஸ்டான் லீ, படம் ஜாக் கிர்பி. விசேஷ ஆற்றலோடு பிறக்கும் மியூட்டன்ட் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப் பள்ளிக்கூடம் நடத்தும் சக்கர நாற்காலிப் பேராசிரியர் சேவியர். எதிரே, இரும்பையெல்லாம் காந்தமாக இழுத்து ஆட்டிவைக்கும் மேக்னெட்டோ. கேப் சிடடெல் என்ற ராணுவ ஏவுகணைத் தளத்தைப் பிடிக்க வருகிறான். மேலே கிளம்பும் ஏவுகணையைக் கவிழ்க்கிறான். தளத்தை ஒப்படைக்கச் சொல்லி ஆகாயத்தில் எழுதி, கீழே தன் பெயரையும் போடுகிறான். எதற்கு இதெல்லாம் என்றால், மியூட்டன்ட்கள் உலகத்தை ஆள வேண்டுமாம். அதற்கு மேல் அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை. பழைய படங்களில் நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு வருவார், ஏன் பிசைகிறார் என்று எந்த ரசிகனும் கேட்டதில்லை. அந்த ரகம்.

1964 மார்ச் தேதியிட்ட 4ஆம் இதழில் கூட்டாளிகளைச் சேர்க்கிறான். அந்தக் கும்பலின் பெயரிலேயே 'தீய' என்ற சொல் இருக்கிறது. தன் சங்கத்துக்குத் தானே 'தீயோர் சங்கம்' என்று பெயர்ப்பலகை மாட்டுகிற ஆளைப் பற்றி மேலே என்ன யோசிப்பது? அதே இதழில் சான்டோ மார்கோ என்ற கற்பனைத் தென்னமெரிக்க நாட்டை, மாயத்தோற்றமாக எழுப்பிய படையைக் காட்டியே பிடித்துவிடுகிறான். துரத்தப்பட்டுப் போகும்போது நாட்டோடு சேர்த்து எல்லோரையும் அழிக்க அணுகுண்டு வைத்துவிட்டுப் போகிறான். குண்டைச் செயலிழக்க வைப்பது அவன் கும்பலிலேயே இருக்கும் க்விக்சில்வர்.

லீயும் கிர்பியும் நியூயார்க் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கிர்பி 1944இல் பிரான்சில் போர்முனையில் நின்றவர். ஆனாலும் 1963இன் மேக்னெட்டோவுக்கு ஊர் இல்லை, குடும்பம் இல்லை, வயது இல்லை, சொந்தப் பெயர்கூட இல்லை. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களில் சேவியர் மார்ட்டின் லூதர் கிங், மேக்னெட்டோ மால்கம் எக்ஸ் என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அந்த முதல் இதழ்களைப் புரட்டினால் அப்படி ஒரு வாடையும் அடிக்காது. பின்னால் வந்த ஆழத்தை முன்னால் கொண்டுபோய் வைத்துப் பார்க்கும் பழக்கம் அது.

தொட்டிலில் போட்ட வில்லன்

1970 மார்ச்சில் 66ஆம் இதழோடு எக்ஸ்-மென்னுக்குப் புதுக்கதை நின்றது. விற்பனை போதவில்லை. ஐந்து வருடம் பழைய கதைகளையே மறுபதிப்புப் போட்டு ஓட்டினார்கள். நடுவில் 1974இல், வேறொரு மார்வெல் தொடரில் மேக்னெட்டோவுக்கு நேர்ந்தது காமிக்ஸ் உலகத்துக்கே உரிய கூத்து. அவனே உருவாக்கிய ஆல்ஃபா என்ற அதிமனிதன், அவனைக் குற்றவாளி என்று தீர்மானித்து, கைக்குழந்தையாக மாற்றிவிடுகிறான். குழந்தை ஸ்காட்லாந்தில் மோய்ரா மெக்டாகர்ட் என்ற விஞ்ஞானியின் பொறுப்பில் வளர்கிறது.

இதை யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். 1975இல் தொடரைக் கையிலெடுத்த கிறிஸ் கிளேர்மாண்ட் மறக்கவில்லை. 1977இல், 104ஆம் இதழில், குழந்தையைத் திரும்ப ஆளாக்கினார். நடுவயதுக் கிழவனாக இல்லாமல் வாலிப முறுக்கோடு. இரண்டாம் உலகப் போரைக் கண்ட ஒருவன் 1980களிலும் திடகாத்திரமாக இருப்பது எப்படி என்ற கேள்விக்கு அன்றே பதில் தயாராகிவிட்டது. கிளேர்மாண்ட் அப்போதே அவ்வளவு தூரம் யோசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கிடைத்த குப்பையைத் தூக்கிப் போடாமல் பரணில் வைக்கும் குணம் அவருக்கு.

1978இல் அந்தக் குழந்தைத்தனத்துக்குப் பழியும் வாங்கவைத்தார். அன்டார்க்டிகாவில், எரிமலைக்கு அடியில், எக்ஸ்-மென்னைக் கைகால் அசைக்க முடியாதபடி உட்காரவைத்து, 'ஆயா' என்ற ரோபோவை விட்டு அவர்களைப் பச்சைக் குழந்தைகளாகப் பராமரிக்க வைக்கிறான் மேக்னெட்டோ. தனக்கு நேர்ந்த அவமானம் அவர்களுக்கும் நேர வேண்டும். சிரிப்பாக இருந்தாலும், இந்த ஆளுக்கு ஞாபகம் என்று ஒன்று இருக்கிறது, பட்டது உள்ளே தங்கும் என்பது அங்கேதான் முதலில் தெரிகிறது. ஆனாலும் இதுவரை 'அவன்'தான்.

150ஆம் இதழ்

1981 அக்டோபர். ஓவியம் டேவ் காக்ரம். கடலடியிலிருந்து ஒரு பழைய நகரத்தையே தீவாக மேலே எழுப்பி அதில் உட்கார்ந்திருக்கிறான் மேக்னெட்டோ. உலகத் தலைவர்களுக்குக் கெடு விதிக்கிறான்: அணு ஆயுதங்களை அழியுங்கள், ஆயுதத்துக்குக் கொட்டுகிற பணம் பசிக்கும் நோய்க்கும் போகட்டும், ஆட்சியை என்னிடம் கொடுங்கள். முதல் இரண்டையும் படிக்கிறவன் தலையாட்டிக்கொண்டே வருவான், மூன்றாவதில் தலை நின்றுவிடும். வில்லனின் கோரிக்கையில் பாதி நியாயமாக இருப்பது இந்தத் தொடரில் புதுசு. நியாயமான அந்தப் பாதியை எழுத்தாளர் கிண்டல் செய்யவும் இல்லை.

பதிலாக, லெனின்கிராட் என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் தீவை நோக்கி ஏவுகணைகளை விடுகிறது. அவற்றைத் தடுத்துவிடுகிறான். அத்தோடு நிறுத்தவில்லை. கப்பலை உள்ளே இருந்த மாலுமிகளோடு சேர்த்துக் கடலுக்குள் அமுக்குகிறான். ஒரு காமிக்ஸில் இதெல்லாம் ஒரு பக்கச் சமாச்சாரம், பக்கத்தைத் திருப்பினால் மறந்துவிடும். இந்த நீர்மூழ்கியை மட்டும் மறக்காதீர்கள். கிளேர்மாண்டும் மறக்கப் போவதில்லை.

தீவில் தற்செயலாகச் சிக்கியிருக்கிறான் எக்ஸ்-மென் குழுவின் சைக்ளாப்ஸ். காதலி ஜீன் இறந்த துக்கத்தில் இருப்பவன். அவள் இறந்த செய்தி கேட்டு மேக்னெட்டோ வருத்தம் சொல்கிறான். துக்கம் எனக்கும் தெரியும், என் சொந்த மண்ணில் தேடினாலும் என் பெயரைச் சுமக்கும் ஒருவர்கூட மிச்சமில்லை, பெரிய குடும்பம், இரக்கமே இல்லாமல் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்கிறான். எந்த மண், யார் வெட்டியது என்று சொல்லவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. 18 வருடம் பேர்-ஊர் இல்லாமல் இருந்தவனுக்கு ஒரு குடும்பம் இருந்ததே அதன் சாவு வழியாகத்தான் நமக்குத் தெரியவருகிறது.

இன்னொரு இடம். இரவில் எக்ஸ்-மென் குழுவின் ஸ்டார்ம் மேக்னெட்டோவின் படுக்கையறைக்குள் நுழைகிறாள். தூங்கிக்கொண்டிருக்கிறான். கொன்றால் எல்லாம் முடிந்தது. அவளால் முடியவில்லை, யோசித்து நிற்கிறாள். அந்தத் தயக்கத்தில் அவன் விழித்துக்கொள்கிறான். கொல்லத் தயங்கினவளையும் தயங்காதவனையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்திருக்கிறார் எழுத்தாளர். இரண்டுக்கும் கீழே கோடு போட்டுக் காட்டவில்லை, அதற்கே ஒரு சபாஷ்.

கடைசியில் சண்டை. கிட்டி பிரைட் பதிமூன்று வயதுப் பெண். சுவருக்குள் புகுந்து மறுபுறம் வரக்கூடியவள், இந்த யூதக் குடும்பத்துப் பெண் குழுவிலேயே சின்னவள். அவள் அவனுடைய கணினிக்குள் புகுந்து அதை நாசமாக்குகிறாள். ஆத்திரத்தில் யாரென்று பார்க்காமல் தாக்குகிறான். அவள் விழுந்து அசைவற்றுக் கிடக்கிறாள். கிட்டே போய்க் குனிந்து பார்க்கிறான். கையில் ஏந்திக்கொள்கிறான். குழந்தை. இது ஒரு குழந்தை.

அப்போது ஞாபகம் வருகிறது அவருக்கு. ஆஷ்விட்ஸ், நாஜிகளின் கொலைமுகாம். தன் குடும்பத்தை விஷவாயு அறைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது காவலர்கள் ஒருவருக்கொருவர் ஜோக் அடித்துச் சிரித்துக்கொண்டு போனது. எங்கள் உயிர் அவர்களுக்கு எப்படிப் பொருட்டாகத் தெரியவில்லையோ, அப்படியே மனித உயிர் எனக்கும் பொருட்டில்லாமல் போய்விட்டது என்கிறார் மேக்னெட்டோ.

கிட்டி பிழைத்துக்கொள்கிறாள். மேக்னெட்டோ சண்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

ஃப்ளாஷ்பேக் போதாது

நம் சினிமாவில் வில்லனுக்குக் 'கனம்' கூட்ட ஒரு வழி வைத்திருக்கிறோம்: இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக். சின்ன வயதில் அம்மாவை அடித்தார்கள், அப்பாவை ஊர் அவமானப்படுத்தியது, அதனால் இப்படி ஆனான். ரசிகனுக்குக் கண் கலங்கும், அடுத்த காட்சியில் கதாநாயகன் அவனை அடித்துப்போடுவான், கணக்கு முடிந்தது. அந்த ஃப்ளாஷ்பேக் வக்கீல் வேலை பார்க்கிறது. 'என் கட்சிக்காரர் பாவம், பார்த்து நடந்துகொள்ளுங்கள்.'

150ஆம் இதழில் ஆஷ்விட்ஸ் வருவது எதிர்க்கட்சிச் சாட்சியாக. எனக்கு அப்படிச் செய்தார்கள், அதனால் நான் இப்படிச் செய்கிறேன் என்று மேக்னெட்டோ சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு போன அந்தக் காவலன் இப்போது நான்தான் என்கிறார். பழைய காயத்தைத் தன் குற்றத்துக்கு விளக்கமாகக் கொடுக்காமல், அதன் அளவு எவ்வளவு என்று அளக்கும் கோலாக எடுத்துக்கொள்கிறார். இந்த ஒரு திருப்பம் இல்லாவிட்டால், யூத இனப்படுகொலையை ஒரு சூப்பர் வில்லனுக்கு அலங்காரமாகத் தொங்கவிட்ட அசிங்கமாக இது முடிந்திருக்கும். அந்த ஆபத்து நிஜமாகவே இருந்தது.

தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு இன்னொரு விதமான மாற்றம் பழக்கம். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. மூலக்கதை 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கியது. அதன் ஆரம்பத்தில் மாயாவி கெட்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும், அந்த வசதியை வைத்துக்கொண்டு குற்றவாளியாகத் திரிகிறவன். பிறகு? ஆய்வுக்கூட விபத்தில் புத்தி பேதலித்திருந்தது என்று ஒரு சமாதானம். ஆள் சுத்தமாகிவிட்டார், நிழல்படையில் உளவாளியாகச் சேர்ந்துவிட்டார். ஸ்பைடரும் (ஸ்பைடர்-மேன் அல்ல, இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன்) அப்படித்தான். 1965இல் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பினவர், கூட்டாளிகள் பெல்ஹாமையும் ஆர்டினியையும் கூட வைத்துக்கொண்டே சட்டென்று கட்சி மாறி நீதிக்காவலன் ஆகிவிட்டார். நாங்களும் கைதட்டினோம், இன்றைக்கும் தட்டுவோம். ஆனால் கொள்ளையடித்த பணம் என்ன ஆயிற்று, அடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்தக் கதைகள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பழைய பேரேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுக்கணக்கு.

கிளேர்மாண்ட் பேரேட்டைக் கிழிக்கவில்லை. அவர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

கூலி, ஊஞ்சல், ஹைஃபா

1981க்குப் பிறகு மேக்னெட்டோவின் பழைய வாழ்க்கையைக் கிளேர்மாண்ட் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. துண்டு துண்டாக, சில சமயம் வருடக்கணக்கில் இடைவெளி விட்டு. 1982இல் 161ஆம் இதழ்: இஸ்ரேலின் ஹைஃபா. முகாமிலிருந்து தப்பியவர்களைப் பராமரிக்கும் மருத்துவமனை. அங்கே இளம் சேவியரும் மேக்னஸ் என்ற இளைஞரும் (பின்னாளில் மேக்னெட்டோ) நண்பர்கள், ராத்திரி முழுக்கத் தர்க்கம். மனிதர்கள் மியூட்டன்ட்களைச் சும்மா விடுவார்களா என்பதுதான் பேச்சு. இருவரும் அப்போது எதிரிகள் இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து வாதாடியவர்கள்தான் பின்னால் பிரிகிறார்கள்.

கிளேர்மாண்ட் இளமையில் இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸில், அதாவது கூட்டுப்பண்ணையில், சில காலம் இருந்தவர். மேக்னெட்டோவுக்கு ஒப்பாக மெனாஹெம் பெகினைச் சொல்லியிருக்கிறார். இர்குன் என்ற ஆயுதக் குழுவின் தலைவராக இருந்தவர் பெகின். 1946இல் ஜெருசலேமின் கிங் டேவிட் ஓட்டலைக் குண்டு வைத்துத் தகர்த்தது அந்தக் குழு. 1977இல் அவர் இஸ்ரேல் பிரதமர், 1978இல் அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு. அவரை எப்படி மதிப்பிடுவது என்பதில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஓயாத சண்டையைத்தான் கிளேர்மாண்ட் தன் பாத்திரத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டார்.

அதே 1982இல் பிரென்ட் ஆண்டர்சன் வரைந்த தனிப்புத்தகம், 'கடவுள் நேசிக்கிறார், மனிதன் கொல்கிறான்'. தொடக்கத்தில் இரண்டு கறுப்பினக் குழந்தைகள், மியூட்டன்ட் என்பதற்காகச் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். ஊர் பார்க்கட்டும் என்று உடல்களைப் பள்ளிக்கூட ஊஞ்சலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் வருமுன் அவற்றை இறக்குவது மேக்னெட்டோ. புத்தகத்தின் முடிவில் நடப்பது இன்னும் விசேஷம். மதபோதகர் ஸ்ட்ரைக்கரின் கொடுமைகளை அனுபவித்த சேவியரே மனம் தளர்ந்து, மேக்னெட்டோ சொல்வதுதான் சரியோ என்று அவர் பக்கம் சாயப் பார்க்கிறார். சைக்ளாப்ஸ்தான் பிடித்து நிறுத்துகிறார். வில்லன் நல்லவர் பக்கம் வருவதை எத்தனையோ கதையில் பார்த்தாயிற்று. நல்லவர் வில்லனின் வாதத்துக்கு அருகில் போவதுதான் அந்த வாதத்துக்குக் கிடைக்கிற உண்மையான மரியாதை.

1987இல், பழைய கதைகளின் மறுபதிப்பு இதழ் ஒன்றின் பின்பக்கங்களில், ஜான் போல்டன் வரைய ஒரு சின்னக் கதை வந்தது. என் பார்வையில் மேக்னெட்டோ கதைகளிலேயே கெட்டியானது. முகாமிலிருந்து தப்பிய மேக்னஸ், மக்தா என்ற பெண்ணோடு மலைக்கிராமத்தில் குடும்பம் நடத்துகிறார். ஆன்யா என்று மகள். பிழைப்புக்காக உக்ரைனின் வின்னிட்சா நகரத்துக்கு வருகிறார்கள், சத்திரத்தில் தங்குகிறார்கள். கட்டட வேலை. முதல் நாள் கூலியில் மேஸ்திரி பிடித்தம் செய்கிறான். கோபத்தில் மேக்னஸின் ஆற்றல் தானாக வெளிப்பட்டு, கிடந்த கடப்பாரை மேஸ்திரியின் தலைக்கு நேராகப் பாய்கிறது. முழுக்கூலியும் கிடைத்துவிடுகிறது. வீடு திரும்பினால் சத்திரம் எரிகிறது, மேல்தளத்தில் மகள். மேஸ்திரி கூட்டிவந்த போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்து அடிக்கிறார்கள். ஆன்யா எரிந்தபடி ஜன்னலிலிருந்து விழுகிறாள். பிறகு அங்கே இருந்த யாரும் உயிரோடு இல்லை. மக்தா கணவரைப் பார்த்துப் பயந்து ஓடிவிடுகிறாள்.

ஒரு நாள் கூலியில் பிடித்தம். உலகத்தையே மிரட்டப் போகிற வில்லனின் கதைக்கு அதைவிடச் சிறிய தொடக்கம் இருக்க முடியாது. இங்கும் கவனியுங்கள்: மகளைக் கொன்றவர்களை மட்டும் பழிவாங்கினார் என்று கதை அவரைக் காப்பாற்றவில்லை. கொன்றார், அதைப் பார்த்த மனைவிக்கு அவர் முகம் அந்நியமாகிவிட்டது. வக்கீல் இங்கேயும் வரவில்லை.

பேரேட்டைத் திறந்து வைத்த நாள்

150ஆம் இதழில் தொடங்கிய கடன் 199, 200ஆம் இதழ்களில் கேட்கப்படுகிறது. 1985. வாஷிங்டனில் இனப்படுகொலையில் தப்பியவர்களுக்கான நினைவுக் கூட்டம். கிட்டி மேடையேறி, முகாமில் இறந்துபோன தன் தாத்தாவின் தங்கையைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறாள். கூட வந்து நிற்பவர் மேக்னெட்டோ. நாலு வருடத்துக்கு முன் அவள் செத்துவிட்டாள் என்று நினைத்துக் கையில் ஏந்தியவர். கூட்டத்தில் சிலர் அவரை அடையாளம் கண்டுகொள்கிறார்கள், உலகம் அறிந்த மேக்னெட்டோவாக அல்ல, முகாமில் தங்களுக்கு உதவிய மேக்னஸாக. அந்த நேரம் பார்த்து அரசாங்கத்தின் மியூட்டன்ட் படை கைது செய்ய வருகிறது. சண்டை மூள்கிறது. ஆனால் முடிவில் அவர் தானே சரணடைகிறார். தன்னைத் தன் மக்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டவர்களின் கண்முன்னே தப்பியோட அவருக்கு மனமில்லை.

200ஆம் இதழ் பாரிஸ் விசாரணை. படம் ஜான் ரொமீட்டா ஜூனியர். இங்கேதான் பரணில் வைத்த குப்பை கீழே இறங்குகிறது. மேக்னெட்டோவுக்காக வாதாடும் கேப்ரியல் ஹாலர் கேட்கிறார்: என் கட்சிக்காரர் நடுவில் கைக்குழந்தையாகி மறுபடி வளர்ந்தவர். மறுபிறவி எடுத்தவரிடம் முன்பிறவிக் குற்றத்தைக் கேட்க முடியுமா? நீதிமன்றம் ஏற்கிறது! 1963 முதல் 1974 வரையிலான கையைப் பிசையும் வில்லத்தனம் எல்லாம் ஒரே வாதத்தில் தள்ளுபடி. படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். மேலாகப் பார்த்தால் இது மாயாவிக்குக் கொடுத்த சமாதானத்தின் சட்டக்கல்லூரிப் பதிப்பு. ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறதே. குழந்தை மறுபடி ஆளான பிறகு நடந்தது லெனின்கிராட். அதற்கு எந்த மறுபிறவியும் துணைக்கு வராது. அந்த மாலுமிகளுக்கு மேக்னெட்டோதான் பதில் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு வரவே இல்லை. விசாரணைக்கு நடுவில் தாக்குதல், சேவியர் சாகும் தறுவாயில். என் பள்ளிக்கூடத்தை நீ நடத்து என்று பழைய நண்பரிடம் கேட்கிறார். அவரும் ஒப்புக்கொள்கிறார். தீர்ப்பு எழுதப்படாமல் போனதைச் சிலர் எழுத்தாளர் நழுவிவிட்டார் என்று குறை சொல்வார்கள். எனக்கு அது தண்டனையாகவே படுகிறது. விடுதலையும் இல்லை, தூக்கும் இல்லை. போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்து.

பாடம் நடத்தியதில் ஜெயித்தாரா? இல்லை. சேவியரின் உறவினர் மைக்கேல் சேவியர் என்று பெயரை மாற்றிக்கொண்டு தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாணவர்கள் நம்பவில்லை. அவர்களைக் காப்பாற்ற வேண்டி, பழைய எதிரிகளான ஹெல்ஃபயர் கிளப் பணக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்தார். 1988இல் டக் ராம்சி என்ற மாணவன் குண்டடி பட்டு இறந்தான். மாணவர்கள் விலகிப் போனார்கள். இந்தப் பகுதியைப் பலர் தாவிப் படிப்பார்கள், கதையோட்டமும் சில இடங்களில் தொய்வுதான். ஆனால் ஒருவர் நல்லவராக முயன்று, உழைத்து, அப்படியும் தோற்பதைக் காட்டிய சூப்பர்ஹீரோ கதை அன்றைக்கு வேறு எது?

மூன்று இதழும் எண்பது லட்சமும்

1991இல் 'எக்ஸ்-மென்' என்ற பெயரில் புதிய தொடர் முதல் இதழிலிருந்து தொடங்கியது. ஜிம் லீ ஓவியம், பல அட்டைகள், எண்பது லட்சத்துக்கு மேல் பிரதிகள் விற்றன. மேக்னெட்டோ மறுபடி எதிரி. அவர் முதலில் செய்வது என்ன தெரியுமா? கடலடியில் கிடக்கும் லெனின்கிராடை மேலே தூக்கி அதிலுள்ள அணு ஏவுகணைகளை எடுத்துக்கொள்கிறார். பத்து வருடத்துக்கு முன் தான் மூழ்கடித்த கப்பலையே! வில்லனாகத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, சரி, வருகிறபோது அந்தப் பிணங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று கிளேர்மாண்ட் எழுதிய மாதிரி இருக்கிறது. இது என் ஊகம்தான்.

இரண்டாம் இதழில் ஒரு குண்டு. மேக்னெட்டோ குழந்தையாக இருந்தபோது மோய்ரா அவருடைய மரபணுவில் கைவைத்திருக்கிறாள், மூர்க்கம் தணியட்டும் என்று. அப்படியானால் கிட்டியைப் பார்த்து உடைந்தது, சரணடைந்தது, பள்ளிக்கூடம் நடத்தியது எல்லாமே ஊசி மருந்தின் வேலையா? மேக்னெட்டோவுக்கு வரும் கோபத்தை விட வாசகனுக்கு வரும் கோபம் அதிகம். மூன்றாம் இதழில் விடை: ஆற்றலைப் பயன்படுத்திய மறுகணமே அந்த மாற்றம் நிற்காமல் போய்விடும். ஆக, அவர் செய்த நல்லதும் கெட்டதும் அவர் செய்ததே. 16 வருடம் எழுதிய தொடரை விட்டு அந்த மூன்றாம் இதழோடு கிளேர்மாண்ட் கிளம்பிவிட்டார். போகிற போக்கில் கதவைப் பூட்டிவிட்டுப் போன மாதிரி: இந்த ஆளின் மேல் இனி யாரும் 'புத்தி பேதலிப்பு' எழுத முடியாது.

எழுதினார்கள். 1993இல் எக்ஸ்-மென் குழுவின் வுல்வரினுடைய எலும்பில் பூசிய உலோகத்தைச் சதையைப் பிய்த்து வெளியே இழுக்கவைத்தார்கள் மேக்னெட்டோவை, பதிலுக்குச் சேவியர் மேக்னெட்டோவின் மூளையையே துடைத்துவிட்டார். படமாக அது மறக்க முடியாத பக்கம், பாத்திரமாகச் சறுக்கல். அதே வருடம் மேக்னெட்டோ யூதர் இல்லை, ஐரோப்பிய ஜிப்ஸிகளில் ஒரு பிரிவான சின்டி இனத்தவர் என்று பிறப்பையே மாற்றிப் பார்த்தார்கள். 1998இல் அது போலி ஆவணம் என்று திரும்ப மாற்றினார்கள். 2003இல் கிரான்ட் மாரிசன் எழுதிய கதையில் மேக்னெட்டோ போதைக்கு அடிமை, நியூயார்க்கைப் பிடிக்கிறான், மனிதர்களை எரிஉலைக்கு ஓட்டுகிறான். ஆமாம், 'ஓட்டுகிறான்' என்றுதான் என் விரல் அடித்தது. பழைய வில்லனுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, வெறும் முரட்டுக் கிழவன் என்பதுதான் மாரிசனின் வாதம். கெட்டிக்கார எழுத்தாளர், தெரிந்தே செய்தார். ஆனால் ஆஷ்விட்ஸ் காவலனைத் தன்னிடம் கண்டு உடைந்தவரை உலையின் முன் நிறுத்த வேண்டுமென்றால், அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்று ஒரு பத்துப் பக்கமாவது எழுத வேண்டாமா? போதை மருந்து அதற்குப் பதில் ஆகாது. அது மாயாவியின் ஆய்வுக்கூட விபத்து. மார்வெலே சீக்கிரத்தில், அது மேக்னெட்டோ இல்லை, போலி ஆள் என்று சொல்லிக் கழற்றிக்கொண்டது.

2008இல் கிரெக் பாக் எழுதி கார்மின் டி ஜியான்டோமெனிகோ வரைந்த ஐந்து இதழ்த் தொடர் அவருக்குப் பிறந்த பெயரைக் கொடுத்தது: மாக்ஸ் ஐசன்ஹார்ட், ஜெர்மானிய யூதச் சிறுவன். காந்த சக்தி அதில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆஷ்விட்ஸில் அவனுக்குக் கிடைத்த வேலை சோன்டர்கமாண்டோ, அதாவது விஷவாயு அறையிலிருந்து சொந்த மக்களின் உடல்களை உலைக்குக் கொண்டுபோகும் கைதிக் குழு. அந்தக் குழு 1944 அக்டோபர் 7ஆம் தேதி நிஜமாகவே கலகம் செய்து ஓர் உலைக்கூடத்தை நாசமாக்கியது வரலாறு. இதைப் படித்துவிட்டு மாரிசனின் பக்கங்களுக்குத் திரும்பிப் போக என்னால் முடியவில்லை.

இந்தக் கட்டுரைக்காக எல்லாவற்றையும் மறுபடி எடுத்து வைத்தபோது 1964இன் 4ஆம் இதழும் கையில் வந்தது. சான்டோ மார்கோ, மாயப்படை, அணுகுண்டு என்ற அந்தப் பழைய கூத்துக்கு நடுவில் ஒரு நினைவுக் காட்சி இருக்கிறது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு கிராமம். வாண்டா என்ற இளம்பெண்ணைச் சூனியக்காரி என்று கூட்டம் துரத்துகிறது. நடுவில் புகுந்து அவளைக் காப்பாற்றுவது மேக்னெட்டோ. அந்த நன்றிக்கடனுக்காகத்தான் அவளும் அண்ணன் க்விக்சில்வரும் பிடிக்காமலே அவன் கும்பலில் இருக்கிறார்கள். லீக்கும் கிர்பிக்கும் அது ஒரு கட்டப் புளுகு, பிள்ளைகளை வில்லனோடு கட்டிப்போட ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். வின்னிட்சாவும் ஊஞ்சலும் தெரிந்த பிறகு பார்த்தால், கூட்டத்துக்கும் பெண்ணுக்கும் நடுவில் நிற்கிறார் என்று எழுத வருகிறது. எழுதினேன். பிறகு 'நிற்கிறான்' என்று திருத்தினேன். காப்பாற்றிய பெண்ணிடம் அந்தக் கடனைச் சொல்லிச் சொல்லியே வேலை வாங்குகிற ஆள், அடுத்த பக்கங்களில் ஒரு நாட்டுக்கே குண்டு வைக்கப் போகிறான்.